டூயலில் வகுப்புச் சமநிலை: எந்த வழியைத் தேர்வது?

ஆன்லைன் ஃபேண்டஸி ஆர்பிஜி (கதாபாத்திரமாக மாறி ஆடும் கணினி ஆட்டம்) ஒன்றைப் புதிதாக உருவாக்கும் குழுவானாலும், ஏற்கெனவே நடந்துவரும் ஆட்டமொன்றில் ஒருவரோடு ஒருவர் மட்டும் மோதும் டூயல் போட்டிகளைத் தொடங்க நினைக்கும் குழுவானாலும், விரைவிலேயே ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கும். வாரியர் (போர்வீரர்), மேஜ் (மந்திரவாதி), ரோக் (மறைந்து தாக்குபவர்), பிரீஸ்ட் (பூசாரி) என்று பிரிந்து கிடக்கும் கதாபாத்திர வகுப்புகள் ஒருவருக்கு ஒருவராக மோதும்போது சமமாக இருக்க வேண்டுமா? இருக்க வேண்டுமென்றால் அந்தச் சமநிலையை எங்கே வைப்பது: திறன்களின் எண்களிலா, கியரிலா (அணியும் ஆயுதம், கவசம்), வகுப்புகளின் அமைப்பிலேயேவா, போட்டியின் விதிகளிலா? கடந்த கால் நூற்றாண்டில் வெவ்வேறு ஆட்டங்கள் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது.

எந்த வகுப்பு எத்தனை முறை வெல்கிறது என்ற கணக்கை வைத்தே இந்த விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. அது தேவையான கணக்குதான், ஆனால் இரண்டாவதாகக் கேட்க வேண்டியது. தோற்றவருக்கு அந்தச் சண்டையில் செய்வதற்கு ஏதாவது இருந்ததா என்பதை முதலில் கேட்டால், கீழே வரும் வழிகளுள் எது மேல், எது கீழ் என்ற வரிசையே மாறிவிடுகிறது.

சிக்கலின் வேர்

வகுப்பு என்ற ஏற்பாடே குழுவுக்காக உருவானது. டேங்க் அடியை வாங்கிக்கொள்ள, ஹீலர் உயிரை நிரப்ப, மற்றவர்கள் சேதம் விளைவிக்க, ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் ஈடு செய்கிறார். டூயலில் அந்த இன்னொருவர் இல்லை. ஐந்து பேரை உயிரோடு வைத்திருக்கும் அளவுக்குக் கணக்கிடப்பட்ட ஹீலரின் திறன் முழுவதும் அவர் ஒருவர் மீதே பொழியும்போது, அவரைக் கொல்வது கிட்டத்தட்ட முடியாததாகிவிடுகிறது; அவருக்கும் எதிராளியை வீழ்த்தப் போதுமான சேதம் இருப்பதில்லை. அரக்கர்களைத் தன் பக்கம் திருப்புவதற்காக டேங்குக்குத் தரப்பட்ட டாண்ட் திறன், மனிதர் ஆடும் எதிராளியிடம் பெரும்பாலும் வெற்றுப் பொத்தானாகவே கிடக்கிறது. ரோக்கோ, தனித்து நிற்கும் ஒருவரை மறைவிலிருந்து தாக்குவதற்காகவே செதுக்கப்பட்டவர்.

இதோடு நேரக் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. ஐந்து நிமிடக் கூல்டவுன் (மீண்டும் பயன்படுத்தும் வரை காத்திருக்க வேண்டிய நேரம்) கொண்ட ஒரு திறன், ஆட்ட உலகில் எப்போதாவதுதான் கைகொடுக்கும் என்ற அனுமானத்தில்தான் அவ்வளவு வலிமையாக அமைக்கப்படுகிறது. டூயல் என்பதோ இருவரும் சம்மதித்து, முழு உயிரோடும் முழு மானாவோடும் (மந்திர ஆற்றல்), எல்லாத் திறன்களும் தயாராக இருக்கும் தருணத்தில் தொடங்குவது. எனவே ‘எப்போதாவது’ என்பது ‘ஒவ்வொரு சண்டையிலும்’ என்றாகி, நீண்ட கூல்டவுன் திறன்கள் அதிகம் உள்ள வகுப்புக்கு இலவசமாக ஒரு சலுகை கிடைத்துவிடுகிறது.

எண்ணிக்கையும் சிறியதல்ல. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2004 நவம்பரில் வெளிவந்தபோது ஒன்பது வகுப்புகள் இருந்தன. தன் வகுப்போடு தானே மோதுவதைத் தவிர்த்தால் 36 இணைகள். இவோக்கர் வகுப்பு 2022இல் சேர்ந்தபோது வகுப்புகள் 13 ஆயின, இணைகள் 78. ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் ஸ்பெக் என்ற உட்பிரிவுகள் இருப்பதால், 2023இல் 39 ஆக இருந்த அவற்றைக் கணக்கில் எடுத்தால் 741 இணைகள். இத்தனையையும் சமன் செய்வோம் என்று ஒரு குழு சொன்னால், அந்தப் பேச்சை ஐயத்தோடு கேட்பதே நியாயம்.

டூயலைக் கண்டுகொள்ளாமல் விடுவது

எளிய வழி, ‘எங்கள் ஆட்டம் குழுச் சண்டைக்காகச் சமன் செய்யப்பட்டது, டூயல் வெறும் பொழுதுபோக்கு’ என்று அறிவித்துவிடுவது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் வடிவமைப்பாளர்கள் நெடுங்காலமாகவே இந்த நிலையில்தான் நின்றிருக்கிறார்கள். 2007இல் அரீனா என்ற அணிப் போட்டிக்களம் வந்தபோது அதில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று, ஐந்துக்கு ஐந்து என மூன்று பிரிவுகள் இருந்தன. ஒருவருக்கு ஒருவர் என்ற பிரிவே இல்லை. தனியாக வரிசையில் நின்று தரவரிசைப் போட்டி ஆட விரும்பியவர்களுக்காக 2022இல் சோலோ ஷஃபிள் கொண்டுவரப்பட்டபோதும், ஆறு பேரைக் கூட்டி, அணிகளை மாற்றி மாற்றி ஆறு சுற்றுகள் மூன்றுக்கு மூன்றாகவே மோதவிட்டார்கள். தனியாள் வரிசைக்கு இடம் தந்தவர்கள் தனியாள் சண்டைக்கு இடம் தரவில்லை என்பதிலேயே அவர்களுடைய கணிப்பு தெரிகிறது.

இதில் நேர்மை இருக்கிறது, செலவும் குறைவு. ஆனால் ஆட்டக்காரர்கள் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு டூயலை நிறுத்திவிடுவதில்லை. ஆர்க்ரிமார் நகர வாயிலுக்கு வெளியே கொடியை நட்டு மோதிக்கொண்டிருப்பவர்கள் தங்கள் வகுப்பின் மதிப்பை அங்கேதான் எடைபோடுகிறார்கள். அங்கே தொடர்ந்து தோற்கும் வகுப்பு, குழுவில் எவ்வளவு பயன்பட்டாலும், ‘பலவீனமானது’ என்ற பெயரை வாங்கிவிடுகிறது. பிறகு நெர்ஃப் (வலிமையைக் குறைத்தல்) வேண்டும், பஃப் (வலிமையைக் கூட்டுதல்) வேண்டும் என்ற கூச்சலும் அங்கிருந்தே கிளம்புகிறது. டூயலைக் கவனிக்காமல் விடலாம்; அதன் தாக்கம் மற்ற இடங்களில் வந்து சேர்வதைத் தடுக்க முடியாது. டூயலுக்குப் பரிசோ தரவரிசையோ பதக்கமோ இல்லாத ஆட்டத்துக்கு மட்டும் இந்த வழி பொருந்தும். அவற்றில் ஒன்றைச் சேர்த்தாலும் இந்தத் தேர்வு அன்றோடு காலாவதியாகிவிடுகிறது.

வட்டமாக அமைப்பது

கல், காகிதம், கத்தரிக்கோல் போல, ஒவ்வொரு வகுப்பும் ஒன்றை வெல்ல, இன்னொன்றிடம் தோற்க, எல்லாம் சுற்றி வந்து சராசரியில் சமமாகிவிடும் என்பது இரண்டாவது வழி. தாளில் இது அழகாகத் தெரியும். மேஜ் வாரியரை வெல்வார், ரோக் மேஜை வெல்வார், தடித்த கவசத்தின் துணையோடு வாரியர் ரோக்கை வெல்வார்; ஒவ்வொருவருக்கும் 50 விழுக்காடு.

இந்த அமைப்பு நன்றாக வேலை செய்யும் இடம் பெருங்கூட்டச் சண்டை. 2001இல் வெளிவந்த டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட்டில் மூன்று அரசுகள் எல்லை நிலங்களில் கூட்டம் கூட்டமாக மோதின. அங்கே ஒரு வகுப்பின் குறையைப் பக்கத்தில் நிற்பவர் மறைத்துவிடுவார். எதிரியின் ஹீலரைத் தேடி மறைவில் ஊர்ந்துவரும் இன்ஃபில்ட்ரேட்டருக்கும் நைட்ஷேடுக்கும் தெளிவான வேலை இருந்தது. தனித்து நிற்கும்போது அதே அமைப்பு சண்டையையே அர்த்தமற்றதாக்கிவிடுகிறது. விளையாட்டுச் சிறுவர்கள் கையை நீட்டும் நொடியில் கல்லா காகிதமா என்று தேர்ந்தெடுக்கிறார்கள். ஆர்பிஜி ஆடுபவரோ அந்தத் தேர்வை மாதக்கணக்கில் லெவல் ஏற்றுவதற்கு முன்பே செய்துவிட்டார். எதிரே நிற்பது யார் என்று தெரிந்த கணத்திலேயே முடிவும் தெரிந்துவிட்டால், பிறகு பொத்தான்களை அழுத்துவது சம்பிரதாயம் மட்டுமே. சராசரி 50 என்பது தாளில் உள்ள எண். களத்தில் அவர் அனுபவிப்பது 80 அல்லது 20.

வட்டத்தை அடியோடு ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வகுப்புகளுக்கு இடையே சாய்வு இருப்பதே அவற்றுக்கு முகம் தருகிறது. எல்லா இணைகளும் துல்லியமாகச் சமமாக இருக்கும் ஆட்டத்தில் வகுப்புகள் வண்ணம் மட்டுமே மாறிய ஒரே பொம்மையாகிவிடும் அபாயம் உண்டு. அறுபதுக்கு நாற்பது வரை சாய்ந்த இணையை நல்ல ஆட்டக்காரர் தன் கைத்திறனால் நிமிர்த்திவிடுவார். எழுபதைத் தாண்டினால் அந்த வாய்ப்பு மங்கிவிடுகிறது.

எண்களைத் திருத்துவது

மூன்றாவது வழி கணக்காளரின் வழி. வெற்றி விகிதங்களைத் திரட்டி, அதிகம் வெல்பவரின் சேதத்தைக் குறைத்து, தோற்பவரின் உயிர்ப்புள்ளிகளைக் கூட்டி, ஒவ்வொரு பேட்சிலும் (ஆட்டத்துக்கு வரும் மென்பொருள் திருத்தம்) நடுவை நோக்கி நகர்வது. இதில் இரண்டு வகை உண்டு, அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

முதல் வகை, மனிதர் மனிதரைத் தாக்கும்போது எல்லாச் சேதத்தையும் ஒரே அளவில் வெட்டுவது. டயப்லோ 2இன் விரிவாக்கப் பதிப்பில், ஓர் ஆட்டக்காரர் இன்னொருவருக்குத் தரும் சேதம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகக் குறைக்கப்படும். எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைனில் பேட்டில் ஸ்பிரிட் என்ற விளைவு சேதத்தோடு ஹீலிங்கையும் பாதுகாப்புக் கேடயங்களையும் சேர்த்தே பெரிதாகக் குறைக்கிறது. 2016இல் அந்த ஆட்டத்தில் டூயல் சேர்க்கப்பட்டபோது அங்கும் இதே விளைவு பொருந்தியது. ஹீலிங்கையும் சேர்த்து வெட்டியது முக்கியம். சேதத்தை மட்டும் குறைத்தால் சண்டை நீளும். நீளும் சண்டை, தன்னைத்தானே குணப்படுத்திக்கொள்ளும் வகுப்புக்கே சாதகம். இந்த முதல் வகை யாரையும் யாருக்கும் சமமாக்குவதில்லை. ஆனால் ஒரே அடியில் சாவதைத் தடுத்து, பதில் சொல்ல நேரம் வாங்கித் தருகிறது. எனக்கு அது போதுமான நியாயமாகவே தோன்றுகிறது.

இரண்டாம் வகை, திறன் திறனாக, வகுப்பு வகுப்பாகத் திருத்துவது. பிளாக் டெசர்ட் ஆட்டத்தில் பல திறன்களின் விளக்கத்திலேயே, மனிதர் எதிராளியாக இருந்தால் சேதம் எத்தனை விழுக்காடு குறையும் என்று தனியாக எழுதியிருக்கும். இவ்வளவு நுணுக்கமாகத் திருத்துவதற்கு நம்பத்தகுந்த தரவு வேண்டும், அங்கேதான் இந்த வழி மூச்சுத் திணறுகிறது. ஓர் இணையில் நூறு டூயல்கள் நடந்து ஒருவர் 55 வென்றால், அது எதையும் நிறுவாது. சரிசமமான நாணயத்தை நூறு முறை சுண்டினாலும் ஐந்து புள்ளி விலகல் இயல்பாகவே வரும். 55க்கும் 50க்கும் உள்ள வேறுபாட்டை ஓரளவு நம்பிக்கையோடு சொல்லக் குறைந்தது 400 சண்டைகள் வேண்டும். 741 இணைகளுக்கும் 400 என்றால் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் இரு பக்கமும் சம கைத்திறன் உள்ளவர்கள் ஆடியிருந்தால்தான். பெரிய நிறுவனத்தின் சர்வர்களில் இந்த எண்ணிக்கை கிடைத்துவிடும். சில ஆயிரம் பேர் ஆடும் ஆட்டத்தில் அது சேர்ந்து முடிவதற்குள் அடுத்த பேட்ச் வந்து பழைய கணக்கைச் செல்லாததாக்கிவிடும்.

இதைவிட ஆழமான குறை ஒன்றும் உண்டு. எண்ணைத் திருத்தினால் வெற்றி விகிதம் மாறும், சண்டையின் உள்ளே நடப்பது மாறாது. வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தொடக்க காலப் பதிப்பில் ரோக்கும் மேஜும் மோதுவதை அருகிலிருந்து பார்க்கலாம். ரோக் மறைவிலிருந்து வெளிப்பட்டு சீப் ஷாட் அடிக்கிறார்: நான்கு விநாடி ஸ்டன், அதாவது எதிராளி எதுவும் செய்ய முடியாத நிலை. அது முடியும் தறுவாயில், அடிகளால் சேரும் காம்போ புள்ளிகள் ஐந்தும் சேர்ந்திருந்தால் கிட்னி ஷாட்: இன்னும் ஆறு விநாடி. அந்தக் காலத்தில் இந்த இரண்டும் தனித்தனிக் கணக்கில் இருந்ததால் இரண்டாவது ஸ்டன் சுருங்கவில்லை. ஆகப் பத்து விநாடி. மேஜின் கையில் பிளிங்க் இருக்கிறது; ஸ்டன்னை உடைத்துக்கொண்டு முன்னால் பாயும் திறன், கூல்டவுன் 15 விநாடி. முதல் ஸ்டன்னிலேயே பிளிங்க் செய்தால் ரோக் துரத்திவந்து இரண்டாவதை முழுமையாக இறக்கக்கூடும். அதற்காகக் காத்திருந்தால் முதல் நான்கு விநாடி அடியை வாங்கியாக வேண்டும். தப்பியவுடன் ஃப்ராஸ்ட் நோவா போட்டு ரோக்கின் காலைக் கட்டினால் இப்போது தவிப்பது ரோக். அவரிடம் மீண்டும் மறையும் வேனிஷ் திறன் மீதமிருக்கிறதா என்பதே அடுத்த கேள்வி. இது நல்ல டூயல். இரு பக்கமும் கணிப்பு இருக்கிறது, ஏமாற்று இருக்கிறது, தவறான முடிவுக்குத் தண்டனையும் இருக்கிறது.

அதே ரோக்கின் முன் பிளிங்க் போன்ற திறன் எதுவும் இல்லாத ஒரு வகுப்பை நிறுத்துங்கள். பத்து விநாடியும் அவர் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இப்போது அவருடைய உயிர்ப்புள்ளிகளைக் கூட்டி, ஸ்டன் முடியும்போது பாதி உயிர் மிஞ்சும்படி செய்து, அந்தப் பாதியிலேயே ரோக்கை வீழ்த்தும் அளவுக்குச் சேதத்தையும் ஏற்றினால், வெற்றி விகிதம் துல்லியமாக 50ஐத் தொடலாம். அட்டவணை சமநிலை என்று சொல்லும். ஆடியவர்கள் இருவருமே அதை டூயல் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஆகவே எண்களுக்கு முன்னால் பார்க்க வேண்டியது, ஸ்டன் போல எதிராளியைச் செயலற்று நிறுத்தும் கட்டுப்பாட்டு விளைவுகளின் நீளத்தை. வார்கிராஃப்ட் இதற்குத் தேய்மான விதியைக் கொண்டுவந்தது: ஒரே வகைக் கட்டுப்பாடு அடுத்தடுத்து விழுந்தால் முதல்முறை முழு நேரம், பிறகு பாதி, பிறகு கால், அதற்குப் பின் எதுவும் ஒட்டாது. எதிராளியைப் பயந்து ஓடவைக்கும் எட்டு விநாடி அச்சுறுத்தல் ஒன்று இந்த விதிப்படி மொத்தம் 14 விநாடிக்கு மேல் நீளாது. டார்க் ஏஜ் ஆஃப் கேமலாட் இன்னும் கறாராக, ஒரு மயக்கம் தெளிந்த பிறகு ஒரு நிமிடம் வரை அதே வகை விளைவு மீண்டும் பிடிக்காதபடி செய்தது. தென்கொரியாவில் 2012இல் வெளிவந்த பிளேட் அண்ட் சோல், ஒருவருக்கு ஒருவர் அரீனாவையே மையமாக வைத்த அரிய ஆட்டங்களில் ஒன்று. அங்கே பிடியிலிருந்து தப்பும் திறன்கள் எல்லா வகுப்புகளிடமும் ஏதோ ஒரு வடிவில் இருந்தன, எதிராளியின் தப்பும் திறன் எப்போது செலவாகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதே சண்டையின் சாரமாக இருந்தது. டூயலை மனத்தில் வைத்துத் தொடங்கிய ஆட்டம் எங்கே கவனம் செலுத்தியது என்பதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

டூயலுக்கென்று தனி விதிகள்

அரக்கர்களோடு சண்டையிடும் பகுதியில் ஒரு திறன் எப்படி இருந்தாலும், மனிதரோடு மோதும்போது அது வேறொன்றாக இருக்கட்டும் என்பது நான்காவது வழி. 2005இல் தொடங்கிய கில்ட் வார்ஸ், 2008 முதல் சில திறன்களுக்கு இரண்டு வடிவங்களை வைத்தது. ஒரு பக்கம் நெர்ஃப் செய்தால் மறுபக்கம் அழுகிறது என்ற நச்சரிப்புக்கு அது நேரடியான மருந்து. ஃபைனல் ஃபேண்டஸி 14 இன்னும் தூரம் போனது: 2017இல் பிவிபிக்கென்று (மனிதரோடு மனிதர் மோதுவது) தனித் திறன் தொகுப்பைக் கொண்டுவந்து, 2022 ஏப்ரலில் அதையும் கலைத்துப் புதிதாகக் கட்டியது. அந்தப் புதிய அமைப்பில் எல்லா ஜாப்களுக்கும் (அந்த ஆட்டத்தின் வகுப்புகள்) பொதுவான தற்காப்புத் திறன்கள் சில உண்டு: தன்னைக் குணப்படுத்திக்கொள்ள ஒன்று, கட்டுப்பாட்டு விளைவுகளைக் கழுவ ஒன்று, சில விநாடிகளுக்குச் சேதத்தை 90 விழுக்காடு குறைக்கும் கார்ட் என்ற ஒன்று. ஐவர் அணிகளுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், பதில் சொல்ல வழியில்லாத வகுப்பு எதுவும் இருக்கக் கூடாது என்ற கோட்பாடு அதில் தெளிவாகவே தெரிகிறது.

கியரையும் இங்கேயே பேசிவிடலாம். சமமற்ற கியரோடு மோதுபவர்களுக்கு வகுப்புச் சமநிலை என்ற பேச்சே பொருந்தாது. 2012இல் வெளிவந்த கில்ட் வார்ஸ் 2, கட்டமைக்கப்பட்ட போட்டிகளில் எல்லாரையும் லெவல் 80க்கு உயர்த்தி, கியரின் எண்களை ஒதுக்கிவிட்டு, எல்லாருக்கும் திறந்திருக்கும் அம்யூலெட்டுகளிலிருந்து (புள்ளிகள் தரும் தாயத்துகள்) ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் சொல்கிறது. வார்கிராஃப்ட் இதே திசையில் 2016இல் லீஜன் விரிவாக்கத்தோடு ஒரு முயற்சி செய்தது: அரீனாவிலும் பெரிய அணிகள் மோதும் பேட்டில்கிரவுண்டிலும் ஒவ்வொரு ஸ்பெக்கிற்கும் நிலையான புள்ளித் தொகுப்பு, கியரின் பங்கு மிகச் சிறியது. வடிவமைப்பாளர்களுக்கு அது பெரும் வசதி. மற்ற எதையும் தொடாமல் ஒரு ஸ்பெக்கைச் சில விழுக்காடு ஏற்றவோ இறக்கவோ முடிந்தது. ஆட்டக்காரர்களில் பலருக்கோ, தாங்கள் உழைத்துச் சேர்த்த கியர் களத்தில் செல்லாக்காசாகிவிட்டதாகத் தோன்றியது. எந்தப் புள்ளியைக் கூட்டுவது என்ற உரிமையும் பறிபோனது. 2018இல் அடுத்த விரிவாக்கத்தோடு அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அது நடைமுறையில் இருந்த காலத்திலும் நகர வாயிலில் நடக்கும் டூயல்களுக்கு அது பொருந்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தனி விதிகளை எழுதும் குழுக்கள் எளிதில் தவறவிடும் இடம் இதுதான்: அரீனாக் கதவுக்குள் ஒரு சட்டம், கதவுக்கு வெளியே இன்னொன்று.

இந்த வழிக்கான விலை, கற்றுக்கொள்ளும் சுமை. ஒரே திறனின் இரண்டு வடிவங்களை ஆட்டக்காரர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூறு மணி நேரம் பழகிய கை, டூயலில் வேறு பலனைத் தரும். எண் மட்டும் மாறினால் இந்தச் சுமை லேசானது. திறனின் தன்மையே மாறினால் அது வேறோர் ஆட்டத்தைக் கற்பதற்குச் சமம்.

வகுப்பையே எடுத்துவிடுவது

இதைச் சுருக்கமாகவே பார்க்கலாம். 1997இல் வந்த அல்டிமா ஆன்லைனில் வகுப்புகள் இல்லை. மொத்தம் 700 திறன் புள்ளிகளை ஆட்டக்காரரே பங்கிட்டுக்கொள்வார். ஆல்பியன் ஆன்லைனில் அணிந்திருக்கும் ஆயுதமும் உடையுமே வகுப்பு. 2020இல் சேர்க்கப்பட்ட ஒருவருக்கு ஒருவர் மோதும் கரப்டட் டஞ்சன்களுக்கு, அதற்கென்றே உடை மாற்றிக்கொண்டு போகலாம். தோற்றவர் ‘என் வகுப்பு சரியில்லை’ என்று சொல்ல முடியாது என்பது உண்மைதான். ஆனால் சமநிலைச் சிக்கல் தீர்ந்துவிடவில்லை, இடம் மாறியிருக்கிறது. அல்டிமாவில் மந்திரத்தையும் கனரக ஆயுதத்தையும் சேர்த்த டேங்க் மேஜ் என்ற பில்ட் (திறன்களின் சேர்க்கை) பரவியதைப் போல, எல்லாருக்கும் எல்லாம் திறந்திருந்தால் சிறந்த பில்ட் ஒன்றிரண்டை நோக்கி எல்லாரும் நகர்வார்கள். ஏற்கெனவே வகுப்புகளோடு நடந்துகொண்டிருக்கும் ஆட்டத்துக்கு இது தேர்வே அல்ல. புதிதாகத் தொடங்குபவர்கள் மட்டும் யோசிக்கலாம்.

போட்டியின் விதியை மாற்றுவது

ஆட்டத்தின் நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட முடியாத குழுவுக்கும் திறந்திருக்கும் வழி இது. மிகக் குறைவாக மதிக்கப்படும் வழியும் இதுவே.

லினியேஜ் 2இன் ஒலிம்பியாட் இதற்கு நல்ல முன்மாதிரி. ஒருவருக்கு ஒருவர் மோதிப் புள்ளி சேர்க்கும் அந்தப் போட்டியில், காலச் சுற்றின் முடிவில் வகுப்புக்கு ஒருவர் வீதம் ஹீரோ பட்டம் பெறுவார். ஹீலர் ஒருவர் வில்லாளியைவிட அதிகப் புள்ளி எடுக்க வேண்டியதில்லை. மற்ற ஹீலர்களைவிட அதிகம் எடுத்தால் போதும். வகுப்புகளுக்கு இடையே உள்ள சாய்வு அப்படியே இருந்தாலும், அது பட்டத்தைத் தீர்மானிக்கும் வலிமையை இழந்துவிடுகிறது. நூற்றுக்கணக்கான இணைகளைச் சமன் செய்வதைவிட இது எவ்வளவு மலிவு என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே குறை, ‘எல்லாரிலும் சிறந்தவர் யார்’ என்று கேட்கும் பார்வையாளருக்கு இதில் விடை கிடைக்காது.

விதிகளால் சாய்வைக் குறைக்க முடிவதைப் போலவே, தெரியாமல் பெருக்கிவிடவும் முடியும். ஐந்து சுற்றுகளில் மூன்றை வென்றவர் வெற்றியாளர் என்ற முறை நியாயமானதாகத் தோன்றும், ஏனெனில் அது தற்செயலைக் குறைக்கிறது. தற்செயல் குறையும்போது கைத்திறன் மட்டுமா மேலே வருகிறது? வகுப்புச் சாய்வும் கூடவே வருகிறது. ஒரு சுற்றில் 55 விழுக்காடு வாய்ப்புள்ளவர் ஐந்து சுற்றுத் தொடரை வெல்லும் வாய்ப்பு ஏறத்தாழ 59. 70 உள்ளவருக்கு அது 84க்கு அருகில் போய்விடுகிறது. நீண்ட தொடர் வேண்டுமென்றால், ஆட்டக்காரர் இரண்டு மூன்று வகுப்புகளைக் கொண்டுவந்து, தோற்றவர் அடுத்த சுற்றுக்கு வகுப்பை மாற்றிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துத் தர வேண்டும். அப்போது வட்டச் சாய்வுகூடத் தந்திரமாக மாறிவிடுகிறது. ஒரே வகுப்பில் ஆண்டுக்கணக்கில் ஊறியவர்களுக்கு இது பிடிக்காது, அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்காக வகுப்புவாரிப் பட்டியலைத் தனியே வைக்கலாம்.

கூல்டவுன் விதியும் இங்கேதான் வருகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் முன் எல்லாத் திறன்களும் தயாராகக் காத்திருக்க வேண்டுமா, அல்லது ஐந்து நிமிடத் திறனைத் தொடருக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்தலாம் என்று வைப்பதா? பாலடின் வகுப்பின் டிவைன் ஷீல்ட், மேஜின் ஐஸ் பிளாக் போன்ற, சில விநாடிகள் சேதத்தை முழுதாகத் தடுக்கும் திறன்களை எந்தச் சுற்றில் செலவழிப்பது என்ற கணக்கு வந்துவிடுவதால், இரண்டாவது விதி எனக்கு மிகவும் பிடித்தது. நடுவர் ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால் இதற்கு எந்த மென்பொருள் மாற்றமும் தேவையில்லை.

எதைத் தேர்வது

ஆட்டத்தின் உள்ளமைப்பைத் தொட முடியாத போட்டிக் குழுவுக்கு வகுப்புவாரிப் பட்டியலும், வகுப்பை மாற்றும் உரிமையோடு கூடிய தொடரும், நீண்ட கூல்டவுன் திறன்களுக்கான கட்டுப்பாடும் போதும். கியர் வேறுபாட்டை ஒரு லெவல் வரம்போடு கட்டிப்போட முடிந்தால் இன்னும் நல்லது.

ஆட்டத்தை உருவாக்கும் சிறு குழு, எண்களைத் திருத்துவதில் தொடங்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. முதலில் ஒவ்வொரு வகுப்பையும் எடுத்து, அடுத்தடுத்து விழும் கட்டுப்பாட்டு விளைவுகளால் அது அதிகபட்சம் எத்தனை விநாடி செயலற்று நிற்க நேரிடும் என்று கணக்கிட வேண்டும். இதற்கு மூன்று லட்சம் டூயல்களின் தரவு தேவையில்லை, திறன் பட்டியலும் ஒரு மாலை நேரமும் போதும். அந்த எண் ஐந்தாறு விநாடியைத் தாண்டும் இடங்களில் தேய்மான விதியையோ தப்பும் திறனையோ வைத்த பிறகு, மனிதருக்கு மனிதர் பொதுவான சேதக் குறைப்பை ஹீலிங்கோடு சேர்த்துக் கொண்டுவரலாம். அதற்கும் பிறகு எழுபதைத் தாண்டி நிற்கும் இணைகள் மட்டுமே தனி எண்களுக்குத் தகுதியானவை. அவை விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருக்கும், அத்தனை பெரிய சாய்வைக் காண நூறு சண்டைகளே போதும். இந்தத் தனி எண்கள் எங்கே செல்லுபடியாகும் என்பதில் மட்டும் அரைகுறையாக நிற்கக் கூடாது: டூயல் கொடி நடப்பட்ட இடமெல்லாம் அவை பொருந்த வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு நான்காவது வழியின் முழு வடிவம் கட்டுப்படியாகும். அதிலும் திறனின் தன்மையைத் தொடாமல் எண்ணை மட்டும் மாற்றுவதே ஆட்டக்காரருக்குச் செய்யும் உபகாரம்.

ஹீலர் மட்டும் இந்தத் திட்டத்தில் முழுதாக அடங்காமல் மிஞ்சுவார். இரண்டு ஹீலர்கள் மோதும் டூயல், எத்தனை நியாயமானதாக இருந்தாலும், முடிவதே இல்லை. வார்கிராஃப்டின் அரீனாவில் இதற்காகவே நேரம் செல்லச் செல்ல ஹீலிங்கின் வலிமை தேயும் டாம்பனிங் என்ற விளைவு வைக்கப்பட்டது. டூயலுக்கு அதை இன்னும் வேகமாக, இரண்டாவது நிமிடத்திலிருந்தே தொடங்கிவைப்பேன். ஐந்தாவது நிமிடத்தில் ஹீலிங் முற்றிலும் நின்றுவிட வேண்டும்.